கருகிய காலிப்பர்

"சார், என் வீட்டுக்காரர் யாரையும் கொல்லல. அந்தக் காரு இன்னும் ஸ்டேஷன் வாசல்லதான் கெடக்குது. நீங்க ஒரு தடவ நல்லாப் பாத்தீங்கன்னா போதும்."

சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில், மணவாளன் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே அந்தப் பெண் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. 2009ஆம் ஆண்டு, மாசி மாதக் காலை. அவள் பெயர் மாலதி. கடலூருக்குத் தெற்கே குடிகாட்டில், ரசாயனத் தொழிற்பேட்டைக்கு எதிர்ச்சாரியில், அவள் கணவன் ராபர்ட் பவுடர் கோட்டிங் ஷெட் நடத்தி வந்தான். இப்போது அவன் ரிமாண்டில் இருந்தான்.

மணவாளன் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, எது எதனால் உடைந்தது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. மாலதி சொன்ன காரையும் அன்றைக்கு அவர் பார்க்கப் போவதாகத்தான் இருந்தது. அது தெரிந்துதான் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

"மொதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் கலியமூர்த்தி. அவர் மணவாளனின் மனைவிக்குத் தம்பி. வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மாமா ஒரு வண்டியைப் பார்க்கக் கிளம்பினால் போதும், கடையை வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார்.

மாலதி சொன்னாள். கிள்ளையைச் சேர்ந்த கதிரவன் என்ற இளைஞன் குடிகாட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். பழைய வெள்ளி நிறக் கார் ஒன்று வாங்கினான். ஏதோ பத்திரிகையில் பார்த்துவிட்டு, சக்கரத்துக்குள் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களைச் சிவப்பாக்கிக் கொள்ள ஆசைப்பட்டான். மெக்கானிக் அன்புமணி அவற்றைக் கழற்றிக் கொடுத்தான். ராபர்ட் பூசிக் கொடுத்தான். அன்புமணி திரும்ப மாட்டினான். சில வாரம் கழித்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல், நின்றிருந்த கரும்பு டிராக்டரில் மோதி கதிரவன் இறந்துபோனான்.

"ரப்பரோட சேத்து அடுப்புல வெச்சி வேக வெச்சிட்டாரு, அதான் பிரேக் போச்சுன்னு சொல்றாங்க. ஆனா காலிப்பர் எங்ககிட்ட மொட்டையாத்தான் சார் வந்துது. நான்தான் மண்ணெண்ணெய்ல கழுவிக் குடுத்தேன். உள்ள ஒரு ரப்பர்கூட இல்ல. கரண்டு குடுத்து பவுடர ஒட்ட வெச்சி, இருநூறு டிகிரில சுடற வேலை சார் இது. அதுல ரப்பர வெப்பாங்களா? அந்த மெக்கானிக் இப்ப மாத்திப் பேசறாரு. ரப்பரோடதான் குடுத்தேன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"வேணும்னு செஞ்சதா எதுக்கு கேஸ் போட்டாங்க?" என்று மணவாளன் கேட்டார்.

மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். "நெறத்துல ஒரு சண்டை சார். ரத்தச் சிவப்பு கேட்டாராம் அந்தத் தம்பி. இது செங்கல்லு மாதிரி இருக்குதுன்னு ரோட்டுலயே சத்தம் போட்டாரு. இவருக்கும் கோவம். 'ஓட்டிப் பாரு, அப்பறம் பேசு'ன்னாரு. பத்து வருசம் ஆனாலும் உரியாதுங்கற அர்த்தத்துல சொன்னது சார். இப்ப அதையே மெரட்டுனதா சாட்சி சொல்றாங்க."

"நாலு சக்கரத்துக்கும் பூசினாரா?" என்றார் கலியமூர்த்தி.

"முன்னாடி ரெண்டுதாங்க. பின்னாடி டிரம் பிரேக்கு. அது வெளிய தெரியாது, அதுக்கு எதுக்குன்னு விட்டுட்டாரு. எங்க கையிலயே அது படல."

கதிரவனின் சொந்தக்காரர்கள் வந்து அடுப்பை அடித்து நொறுக்கியதை அவள் கடைசியில்தான் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை.

*

காவல் நிலைய வாசலில், புங்க மரத்தடியில் கார் கிடந்தது. முன்பக்கம் பாதி இல்லை. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், ஆனால் களைத்திருந்தார். "பாத்துக்குங்க சார். புதுசா ஒண்ணும் கெடைக்காது. அந்தப் பையனோட அப்பா தெனம் வந்து உக்காந்துடறாரு. தங்கராசுன்னு பேரு. ரிடையர்டு கண்டக்டர். ஒரே புள்ள அவருக்கு" என்றார்.

மணவாளன் அவசரப்படவில்லை. முதலில் நசுங்கிய பானெட்டை நெம்பி, பிரேக் திரவம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தேடினார். அது உடையாமல் தப்பியிருந்தது. மூடியைத் திருகி எடுத்தார். மூடிக்கு அடியிலிருந்த ரப்பர் வட்டம் நெளிந்து நெளிந்து தொங்கியது. அதைத் திரும்ப அதன் இடத்தில் அமர்த்தப் பார்த்தார். அமரவில்லை. அளவில் பெரிதாகிவிட்டது போலிருந்தது.

ஒரு ஊசிக்குழலால் டப்பாவுக்குள்ளிருந்து திரவத்தை இழுத்து, காலி மருந்து பாட்டில் ஒன்றில் விட்டு மூடிப் பைக்குள் வைத்தார்.

முன்சக்கரத்தை ஆள்வைத்துக் கழற்றினார்கள். காலிப்பர் சிவப்பாக இருந்தது. ஆனால் தட்டுப் பக்கம் கருகிப் பழுப்பேறியிருந்தது.

"பாருங்க மாமா, அடுப்புல ஜாஸ்தி வெச்சிருக்கான். தீஞ்சி போயிருக்குது" என்றார் கலியமூர்த்தி.

"அடுப்புல தீஞ்சா எல்லாப் பக்கமும்தான மச்சான் தீயணும்?"

காலிப்பரைப் பிரித்து, உள்ளேயிருந்த ரப்பர் வளையத்தை எடுத்து விரலால் அழுத்தினார் மணவாளன். கலியமூர்த்தியையும் அழுத்தச் சொன்னார். ஊறிய கொண்டைக்கடலை போல உப்பி, மெத்தென்று இருந்தது.

"இப்ப பின்சக்கரம்" என்றார்.

"அது எதுக்கு சார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பின் டிரம்மைத் தட்டிக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று. பழைய துருவும் சேறும் ஏறிக் கிடந்தது. உள்ளே இருந்த சின்ன சிலிண்டரைப் பிரித்து, அதன் ரப்பர் குல்லாக்களையும் எடுத்து அழுத்திப் பார்த்தார். அவையும் உப்பித்தான் இருந்தன.

அவர் அவற்றைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

*

மெக்கானிக் அன்புமணியின் பட்டறை கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. முப்பது வயது இருக்கும். மணவாளன் யார் என்று தெரிந்ததும் எண்ணெய்க் கையைத் துடைக்க ஆரம்பித்தவன், பேசி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரப்பரோடதான் சார் குடுத்தேன். கழட்டிக்கன்னு சொன்னேன். அவன் கழட்டல."

"திரும்பி வந்தப்ப பழைய ரப்பரையேவா மாட்டின?"

அன்புமணி கொஞ்சம் தடுமாறினான். "ஆமா சார்... பாக்க நல்லாத்தான் இருந்துது."

"அதுக்கப்பறம் கார் இங்க வந்துதா?"

"வரல சார். போன்தான் வந்துது. மாட்டி ஒரு வாரம் இருக்கும். காலைல பண்ணான். மீட்டர்கிட்ட பிரேக் லைட் எரியுதுன்னான். புதுசா மாட்டுனது, ஆயில் கொறஞ்சிருக்கும், கொஞ்சம் ஊத்திக்கன்னு சொன்னேன். சாயங்காலம் அவனே பண்ணி, இப்ப எரியலன்னான். அதோட சரி."

"நீ மாட்டுனப்ப என்ன ஊத்துன?"

"சீல் ஒடைக்காத டப்பா சார். இதோ, இதுதான்." அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினான். இளமஞ்சள் நிறத் திரவம்.

வெளியே வந்ததும் கலியமூர்த்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பொய் சொல்றான் மாமா. கண்ணப் பாத்தாலே தெரியுது. இவன்தான் ஏதோ பண்ணிருக்கான்."

"பொய் சொல்றான். ஆனா எதையும் பண்ணலன்னு நெனைக்கிறேன். பயந்தவன் சொல்ற பொய் அது." மணவாளன் பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்தார். காலையில் கலங்கலாக இருந்த திரவம் இப்போது இரண்டாகப் பிரிந்து நின்றது. கீழே இளமஞ்சள். மேலே ஒரு விரல் அளவுக்கு நீலப்பச்சை.

"இது என்ன மாமா மேல?"

"போய்ப் பாப்போம். கிள்ளைக்கு விடு."

*

கிள்ளையில் கதிரவனின் வீடு கடைத்தெருவிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. தங்கராசு வெளியே போயிருந்தார். அவர் மனைவி லோகநாயகி இருவரையும் உட்காரவைத்தாள். இன்சூரன்ஸ் என்றதும், மகனைப் பற்றி விசாரிக்க வந்தவர்களாகவே எடுத்துக்கொண்டாள்.

"காருன்னா ரெண்டு பேருக்கும் உசுருங்க. புள்ள ஓட்டுவான், இவரு தொடைப்பாரு. முப்பது வருசம் பஸ்ல போனேன், இப்ப என் வாசல்லயே வண்டி நிக்கிதேம்பாரு. காலைல எழுந்ததும் தண்ணி ஊத்துவாரு, ஆயில் ஊத்துவாரு, கண்ணாடி தொடைப்பாரு. புள்ள சட்டையில அழுக்குப் படக் கூடாதாம்."

"கடைசியா காரப் பத்தி தம்பி எதாவது சொன்னாராம்மா?"

"வண்டி இழுக்க மாட்டேங்குதும்மான்னான். ஏதோ தீயற வாடை வேற வருதாம். ஞாயித்துக்கெழம காட்டறேன்னு சொன்னான்." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம வரல."

வாசலோரம் சாய்ப்பின் கீழ் ஒரு பழைய டிவிஎஸ் மொபெட் நின்றது. அதற்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில் பாட்டில் ஒன்று ஆணியில் தொங்கியது. பாதி காலி. மணவாளன் அதன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். கலியமூர்த்தியும் பார்த்தார். அதன் நிறத்தைக் கண்டதும் ஏதோ கேட்க வாய் திறந்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

தங்கராசு அப்போது வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். நெடுநாள் சவரம் செய்யாத முகம். மாலதி சிதம்பரம் போய் வந்த செய்தி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"அவனுக்காகப் பேச வந்தீங்களா?"

"இல்லீங்க. உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்."

"தனியா என்ன பேச்சு? எம் புள்ளய அடுப்புல வெச்சி கொளுத்தன மாதிரி கொளுத்திட்டான் அவன். அவன் உள்ள கெடந்து சாவணும். உங்களுக்கு எதுனா தெரிஞ்சா நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. எல்லாரும் இருக்கச்ச சொல்லுங்க."

"ஐயா, வேணாம். நான் சொல்றத இங்கயே கேளுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"வெளிய போங்க" என்றார் தங்கராசு.

சிதம்பரத்தில் வீட்டு வாசலில் இறங்கும்போது மணவாளன், "சொல்லாம இருந்தா அந்தப் பொண்ணு புருசன் வெளிய வர மாட்டான் மச்சான்" என்றார்.

*

மறுநாள் எல்லோரும் புங்க மரத்தடிக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். மாலதி ஒதுங்கி நின்றாள். அன்புமணியை ஒரு போலீஸ்காரர் அழைத்து வந்திருந்தார். தங்கராசு காருக்குப் பக்கத்தில், நொறுங்கிய கதவைப் பிடித்தபடி நின்றார்.

மணவாளன் தன் வழக்கமான மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், அடுப்புல இருநூறு டிகிரில ரப்பர் வெந்தா என்ன ஆவும்? காஞ்சி, கல்லு மாதிரி ஆயி, வெடிச்சிப்போவும். இதத் தொட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் தொட்டார். "மெத்துன்னு இருக்குதே."

"ஊறி உப்பிருக்குது. சூட்டுல கெட்டதில்ல இது. அப்பறம் இது பின்சக்கரத்து ரப்பர். இதுவும் அதே மாதிரி உப்பிருக்குது. பின்சக்கரத்துல இருந்து எதுவுமே ராபர்ட் ஷெட்டுக்குப் போவல. மூடியில இருக்கற ரப்பரும் போவல. போவாத ரப்பரும் கெட்டிருக்குதுன்னா, கெடுத்தது அடுப்பு இல்ல."

அவர் அன்புமணியைப் பார்த்தார். "தம்பி, நீ புது ரப்பர்தான மாட்டின? சொல்லிடு."

அன்புமணி அழுதேவிட்டான். "ஆமா சார். மொட்டையாத்தான் குடுத்தேன், புதுசுதான் மாட்டினேன். போலீஸ்ல ரப்பர் கெட்டிருக்குதுன்னாங்க. ஒண்ணு நீ, இல்ல அவன்னாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு சார்."

மாலதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எதுதான் கெடுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மணவாளன் பாட்டிலைக் காட்டினார். "கீழ இருக்கறது பிரேக்குக்கு உள்ளது. மேல மெதக்கறது வேற எண்ணெய். அது பட்டா பிரேக் ரப்பர் ஊறும். ஊறுனா பிரேக் பிடிச்சது விடாது. வண்டி இழுக்காது, தீயற வாடை வரும். அந்தச் சூட்டுலதான் காலிப்பர் ஒரு பக்கமாக் கருகிருக்குது. சூடு ஏற ஏற, உள்ள இருக்கற திரவம் கொதிச்சி ஆவியாயிடும். ஒரு நாள் மிதிச்சா பிரேக் பிடிக்காம பெடல் சும்மா உள்ள போயிடும். ராபர்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இத நான் எழுத்துல குடுக்கறேன்."

"அந்த எண்ணெய ஊத்துனது யாரு?"

மணவாளன் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். "தப்பான எண்ணம் எதுவும் இல்லாம நடந்தது சார். ராபர்ட்ட விடறதுக்கு இவ்வளவு போதும்."

"எனக்குப் போதாது!" தங்கராசு கத்தினார். பாய்ந்து வந்து அன்புமணியின் சட்டையைப் பிடித்தார். "நீதானடா ஊத்துன? ஒங்கிட்டதான எண்ணெய் இருக்குது? சொல்றா!"

"நான் இல்ல பெரியவரே! கார் மறுபடி எங்கிட்ட வரவே இல்ல! லைட் எரியுதுன்னு போன் பண்ணாப்புல. ஆயில் ஊத்திக்கன்னுதான் சொன்னேன். அவ்வளவுதான்!"

"என்ன ஆயிலு?"

"பிரேக் ஆயில்தான்..."

"என்ன ஆயிலுன்னு சொன்ன அவங்கிட்ட?"

அன்புமணி விழித்தான். "ஆயில்னேன். எல்லாரும் அப்படித்தான சொல்லுவோம்."

தங்கராசுவின் கை சட்டையிலிருந்து நழுவியது. அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மணவாளனைப் பார்த்தார். நேற்று தனியாகப் பேச வந்த மனிதரின் முகத்தில் பதில் தேடினார்.

"சாப்ட்டுட்டு இருந்தான்" என்றார் மெதுவாக. "வேலைக்கு நேரமாச்சு. அப்பா, பிரேக் டப்பாவுல ஆயில் கொறஞ்சிருக்காம், ஊத்தணும்னான். நீ எழுந்திரிக்காத, சட்டை பாழாயிடும், நான் ஊத்தறேன்னேன். மொபெட் ஆயில் ஆணியில மாட்டிருந்துது. ஆயில்தானன்னு... நெறைய ஊத்துனேன். நல்லா இருக்கட்டும்னு நெறைய ஊத்துனேன்."

ரோட்டில் கரும்பு வண்டி ஒன்று போனது. அது போய் முடியும்வரை எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

தங்கராசு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினார். "அவன விட்டுட்டு என்ன உள்ள போடுங்க சார்."

"பெரியவரே, கைய எறக்குங்க."

"எழுதுங்க சார். நான் சொல்றேன், எழுதிக்குங்க. கொன்னது நான்னு எழுதுங்க."

"என்னன்னு எழுத? ஒங்க மேல எந்தக் கேஸும் நிக்காது. வீட்டுக்குப் போங்க ஐயா. தயவுசெஞ்சி போங்க." இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இத்தனை நாளும் அந்த மனிதருக்காக மாலதி மனத்தில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஏராளம். அடுப்பை உடைத்தவர்களை அனுப்பியவர் அவர்தான். இப்போது அவர் அவள் முன் வந்து நின்றார். அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் அதை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டார்.

ராபர்ட் எப்போது வருவான் என்று அவள் இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். கோர்ட்டுக்கு எழுதி, ஜட்ஜ் பார்த்து, உத்தரவு வர வேண்டும் என்றார். கோர்ட் இரண்டு நாள் லீவு. "வந்தாலும் அவரு செய்யறதுக்கு அங்க என்னா சார் இருக்குது?" என்று அவள் கேட்டாள்.

*

தங்கராசுவைத் தனியாக அனுப்ப மணவாளனுக்கு மனம் வரவில்லை. ஒரு ஆட்டோவில் அவருடன் கிள்ளைக்குப் போனார். கலியமூர்த்தி பின்னால் வண்டியில் வந்தார். வழியில் தங்கராசு ஒரே ஒரு தடவை பேசினார்.

"அவகிட்ட எப்படிங்க சொல்றது?"

மணவாளன் யோசித்தார். அதற்குள் ஆட்டோ ஊருக்குள் திரும்பிவிட்டது.

லோகநாயகி வாசலிலேயே காத்திருந்தாள். "கண்டுபிடிச்சிட்டாங்களா? யாராம்?"

"நான்தான்" என்றார் தங்கராசு.

அவள் அருகில் வந்து அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள். "நீங்க என்ன பண்ணீங்க? காரு வேணாம்னு நான் ஒரு வார்த்த சொல்லிருக்கணும். நானும்தான் சரின்னேன். வாங்க, வந்து சாப்புடுங்க."

"இல்ல லோகு. நான்தான். என் கையால."

"ஆமாங்க, உங்க கையாலதான் வளத்தீங்க. யாரு இல்லன்னா? இப்படியே பொலம்பிட்டு இருந்தா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?" அவள் மணவாளனைப் பார்த்தாள். "பத்து நாளா இப்படித்தாங்க. எனக்கு எதுக்கு உயிரு இருக்குதுன்னு கேட்டுட்டு. நீங்களாவது சொல்லுங்க. யாருதான் பண்ணது?"

தங்கராசு படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க சொல்லுங்க சார்" என்றார். "நான் சொன்னா அவளுக்குப் புரியல."

கலியமூர்த்தி வண்டியை நிறுத்தாமல் தெருமுனைவரை ஓட்டிக்கொண்டு போய், அங்கே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். முப்பது ஆண்டுகளாக விபத்துகளை விளக்கிச் சொல்லிச் சம்பாதித்த மணவாளன், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாள் போட்ட நாற்காலியில் உட்காராமல், தரையில் உட்கார்ந்தார்.

"இப்படி உக்காருங்கம்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.

"பிரேக்குக்கு ஊத்தற ஆயில் வேறம்மா" என்று தொடங்கினார்.